செவியடைத்த பயணி

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்திற்கு (1894) மூலம், ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' (1678) என்பது நாம் அறிந்ததே. அம்மூலநூலின் தொடக்கத்தில், மனைவியும் மக்களும் கூவியழைக்க, கிறிஸ்தியான் தன் செவிகளை விரல்களால் அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். இதனை விசுவாச உறுதி என்று மட்டும் விளக்கி அமைவது போதாது என்பது நம் கருத்து.

அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பான கூட்டத்தில் போதித்தமைக்காகப் பன்யன் 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறையிருந்தார். அவர் கைதான அதிர்ச்சியில் இரண்டாம் மனைவி எலிசபெத்துக்குக் குறைப்பேறு நிகழ்ந்தது, குழந்தை தங்கவில்லை. அவ்வம்மையாரே மூத்த தாரத்து மக்கள் நால்வரையும் பேணிக்கொண்டு, 1661இல் நீதிபதிகள்முன் நின்று கணவருக்காக வாதாடினார். பன்யன் சிறையில் நாடாக்களுக்கு முனை பொருத்திக் குடும்பத்திற்குப் பொருளீட்டினார். 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அப்பிரிவை உடல்வேதனையாகவே எழுதுகிறார். பார்வையற்ற மகள் மேரியைப் பற்றிய கவலையே அதில் மிகுதி. எனவே, செவியடைத்தல் அன்பின்மையன்று. கேட்டால் திரும்பிவிடுவோம் என்னும் அச்சமே.

தொல்காப்பியம் கூறும் ஓதல், பகை, தூது முதலிய பிரிவுகளில் தலைவனின் மீட்சி எதிர்நோக்கப்படும். கிறிஸ்தியானோ மீள்வதில்லை. இரண்டாம் பாகத்தில் (1684) மனைவியே மக்களுடன் அவ்வழி செல்கிறாள்; முன்னர் உடன்செல்லாமையைத் தன் குற்றமென நொந்தும் கொள்கிறாள். இங்குப் பன்யன் கணவனை எளிதில் விடுவித்துவிட்டார். நீதிபதிகளையே எதிர்த்துப் பேசிய எலிசபெத்தின் குரல் அவளிடம் கேட்கவில்லை.