நாள்குறியும் வான்குறியும்: சேரநாட்டுப் பாடல் மரபில் வானியல்

மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தை ஒட்டி 1760இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டின் முகப்புகளுள் ஒன்று எபிரேய எழுத்துகளால் மணி காட்டுகிறது. அரண்மனையை நோக்கிய முகப்பில் மலையாள எண்கள் உள்ளன. எபிரேயத்தில் எழுத்தே எண். மறையோதும் எழுத்துதான் அங்குப் பொழுதையும் சொல்கிறது. கேரளப் புலமை மரபுக்கு இது அயலானதன்று. மெய்யெழுத்துகளுக்கு எண்மதிப்பு அளிக்கும் கடபயாதி முறை வானியல் நூல்களிலும் பத்திப் பனுவல்களிலும் அங்கு வேரூன்றியிருந்தது. குருவாயூரப்பன் மீதான நாராயணீயத்தின் இறுதிச் சொற்றொடர் ஆயுளும் நோயின்மையும் இன்பமும் வேண்டுவது. அதன் எழுத்துகளை எண்ணாக்கி வலமிருந்து இடமாகக் கொள்ளின் 1712210 எனும் கலிநாள் கிடைக்கும். நூல் 1586இன் இறுதியில் நிறைவெய்தியமை இதனால் விளங்கும். மேல்பத்தூர் நாராயண பட்டதிரியின் ஆசிரியர் அச்சுதப் பிஷாரடி வானியலறிஞர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. வேண்டுதல் குலையாமலே நாள் அதனுள் அமைந்துவிடுகிறது.

நாளைப் பதிவுசெய்ய விரும்பிய புலவன் அதற்குரிய கருவியைக் கையாண்டான் என்பதே இதனால் பெறப்படுவது. அவ்விருப்பம் இல்லாத பாடலிலும் ஆண்டைத் தேடுவது எவ்வளவு பொருந்தும்? நல்லந்துவனாரின் பதினோராம் பரிபாடலில் கோள்நிலைகள் கூறப்பட்டுள்ளன; அவற்றைக் கொண்டு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 ஜூன் 17 எனக் கணித்தார். முடிபு ஏற்புடையதோ அன்றோ, கணிப்பதற்கு அங்கு இடமேனும் உண்டு. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் சாவைக் கூடலூர்கிழார் பாடிய புறநானூறு 229ஆம் பாடலில் அதுவும் இல்லை. பங்குனியின் முற்பாதி, நள்ளிரவு, உச்சியிலிருந்து சாயும் மீன், எதிரே எழும் மீன், மேற்கே தாழும் மீன் என்பனவே அங்குள்ளவை. கோள் ஒன்றும் சுட்டப்படவில்லை. விண்மீன்கள் பருவத்தையும் யாமத்தையும் காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டா. அவை மீண்டும் மீண்டும் அவ்வாறே வருவன.

ஒழுங்கு மாறாத அவ்வானத்தில்தான் ஒரு மீன் எரிந்து வீழ்கிறது. நிலைமீன்களின் நுணுக்கமான வரிசை இவ்வொரு பிறழ்ச்சியின் அச்சத்தை மிகுவிக்கவே அமைந்தது எனலாம். உரைகாரர் தரும் நாண்மீன் விளக்கங்களோடு நின்றுவிடும் வாசிப்பு இவ்வச்சத்தைத் தவறவிடுகிறது. வேந்தன் நோயின்றி வாழவேண்டும் எனப் புலவர் நெஞ்சு அழுங்குகிறது. ஏழாம் நாள் வந்துவிடுகிறது. யானை கையை நிலத்தில் கிடத்தி உறங்குகிறது. முரசு கண்கிழிந்து உருள்கிறது. வெண்குடை கால் ஒடிகிறது. விண்ணில் நிகழ்ந்தது அரண்மனைப் பொருள்களில் இறங்கிய பின்னரே, தன் துணைவரை அவன் மறந்தானோ எனப் புலவர் கேட்கிறார்.