'பார்த்தாலே' என்னும் ஏகாரம்

"தம்பி, திருட்டுப் படம் பாத்தாலே மூணு வருசம் ஜெயிலாமே, மெய்தானா?" 2016 ஆகஸ்டில், கம்மாபுரம் டீக்கடையில், சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் பேப்பரும் கையுமாகக் கேட்டார். கேள்வியில் இருந்தது பயம். அந்தப் பயம் எப்படி உற்பத்தி செய்யப்பட்டது என்பதே இங்கு பிரச்சினை.

நீதிமன்ற ஆணைப்படி முடக்கப்பட்ட இணையப் பக்கங்களைத் திறந்தவர்களுக்கு அந்த மாதம் ஓர் அறிவிப்பு தென்பட்டது. சட்டவிரோதப் பிரதியைப் பார்ப்பது, இறக்குவது, திரையிடுவது, நகலெடுப்பது எல்லாமே 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம்; 3 ஆண்டுச் சிறை, 3 லட்சம் வரை அபராதம் என்றது அது. செய்தித்தாள்கள் இந்த அறிவிப்பையே சட்டமாக்கிவிட்டன. சட்டத்தைப் புரட்டியிருந்தால், அறிவிப்பு முதலில் சுட்டிய 63-ஆம் பிரிவில் உச்ச அபராதம் 2 லட்சம்தான் என்பதாவது தெரிந்திருக்கும். நகலெடுத்தலைக் கண்டித்த செய்தி, தானே ஒரு பிரதியை வாசிக்காமல் நகலெடுத்தது.

'பார்த்தாலே' என்பதிலுள்ள ஏகாரம் தேற்றம். ஐயத்துக்கு இடமில்லை என்கிறது. நான்கு வினைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிற கடைக்காரரையும், இரவுப்பணி முடித்து அதைப் பார்க்கிற தொழிலாளியையும் ஒரே குற்றவாளியாகக் கட்டமைக்கிறது இந்தச் சொல்லாடல்.

அதே மாத இறுதியில், 'டிஷூம்' பட வழக்கில், பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி கௌதம் பட்டேல் அந்த வாசகத்தை மாற்றச் சொன்னார். வெறுமனே பார்ப்பது குற்றமல்ல. உரிமையாளருக்குப் பாதகமாக விநியோகிப்பது, பொதுவில் திரையிடுவது, அனுமதியின்றி விற்பனைக்கோ வாடகைக்கோ விடுவது, இவைதான் குற்றம் என்றார். இந்தத் திருத்தம் எங்கள் டீக்கடை வரை வரவேயில்லை.

இது முதல்முறையுமல்ல. 2012-இல் '3', 'தம்மு' படங்களுக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் தந்த ஆணையை வைத்து, இணையச் சேவை நிறுவனங்கள் தளங்களையே முழுசாக முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. சட்டம் குறுகலாக இருக்கிறது, அச்சுறுத்தல் அகலமாகப் பரவுகிறது.

திருட்டுப் பிரதிக்கு வக்காலத்து வாங்கவில்லை. லைட்மேனின் உழைப்பும் உழைப்புதான். ஆனால் விற்பவரை விட்டுவிட்டுப் பார்ப்பவரை மிரட்டுகிற செய்தி அந்த உழைப்பைக் காக்காது.

விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அதுக்குள்ள போன்ல இருந்த எல்லாத்தையும் அழிச்சிட்டேன் தம்பி. பொண்ணு பள்ளிக்கூடத்துல ஆடுன டான்ஸும் போச்சு." சொந்த மகளைத் தானே படம்பிடித்ததற்குக்கூட ஒரு தகப்பனைக் குற்றவாளியாக உணரவைத்தது அந்த ஒற்றை ஏகாரம்.