காட்சியும் அவையும்: சிமோன் லீயின் கண்காட்சி நிகழ்ச்சிகள் பற்றிய ஓர் ஆய்வு

கலைப்பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பெறுங்கால், அவற்றையொட்டிச் சொற்பொழிவும் பயிற்சியும் கலந்துரையாடலும் அமைத்தல் இக்கால அருங்காட்சியகங்களின் வழக்கமாகும். இவற்றைக் கண்காட்சிக்குத் துணையாவன என்றே பலரும் கொள்வர். ஆதலின் திறனாய்வாளர் சிற்பத்தை ஆராய்ந்து, நிகழ்ச்சிகளைப் பெயரளவில் சுட்டி அமைகின்றனர். இக்கொள்கை எல்லாவிடத்தும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம். அமெரிக்கக் கறுப்பினச் சிற்பியாகிய சிமோன் லீ (பிறப்பு 1967) என்பாரின் முயற்சிகள் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற சான்றுகளாம்.

1. காத்திருப்பு அறை

2016ஆம் ஆண்டு சூன் முதல் செப்டம்பர் வரை, நியூயார்க்கு நகரத்து நியூ மியூசியத்தில் லீ ‘காத்திருப்பு அறை’ என்னும் கண்காட்சியை அமைத்தார். மூலிகைகள் நிறைந்த மருந்தகமும் தியானத்திற்குரிய அறையும் ஆங்கு இடம்பெற்றன. மூலிகை மருத்துவம், ஊசிமுனை மருத்துவம், உடற்பயிற்சி, தியானம் ஆகியவை மக்களுக்குப் பயிற்றப்பட்டன.

இத்தலைப்பின் பின்னே ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. 2008ஆம் ஆண்டு சூன் திங்களில், புரூக்ளின் பகுதியின் பொது மருத்துவமனை ஒன்றில், 49 ஆண்டு நிரம்பிய கறுப்பினப் பெண்மணி ஒருவர் ஏறத்தாழ 24 மணி நேரம் காத்திருந்து, இருக்கையினின்று வீழ்ந்து, கவனிப்பாரின்றி உயிர் துறந்தார். பணிந்து காத்திருக்கும் இயல்பே கறுப்பினப் பெண்டிரின் உடல்நலத்திற்குக் கேடாகின்றது என்பது லீ இந்நிகழ்ச்சியினின்று பெற்ற கருத்தாகும்.

இவ்வளவில் ஒன்று புலனாகின்றது. ஒருவர் பேணப்படாமல் இறந்தமையைச் சிற்பமாக வடித்துக் காட்டலாம். அதனைக் காண்போர் இரங்குவர். பேணுதலையே அவ்விடத்தில் நிகழ்த்துதல் அதனின் வேறாயதொரு செயல். நிகழ்ச்சிகளை நீக்கிவிடின் ‘காத்திருப்பு அறை’யில் எஞ்சுவன சில பொருள்களே. கண்காட்சியின் உயிர்நிலை ஆங்கு நிகழ்ந்தவற்றில் இருந்தது என்பது நம் கருத்து.

2. மறைவின் தேவை

‘மருத்துவமும் தியானமும் கலையாமாறு யாங்ஙனம்?’ எனச் சிலர் வினவலாம். இவ்வினாவிற்கு விடை வரலாற்றில் உள்ளது. 1867இல் தோன்றிய ‘கூடாரங்களின் ஐக்கிய அமைப்பு’ என்னும் கறுப்பினப் பெண்டிர் சங்கம் நோயுற்றோரையும் முதியோரையும் மறைவாகப் பேணி வந்தது. கருஞ்சிறுத்தைக் கட்சியினர் இலவச மருத்துவ நிலையங்களை நடத்தினர். இவ்விரு மரபுகளையும் லீ 2014இலேயே புரூக்ளினில் நடத்திய ‘மக்கள் இலவச மருத்துவ நிலையம்’ என்னும் முயற்சியில் நினைவுகூர்ந்தார். 2016இல் அருங்காட்சியகம் மூடப்பெற்ற பின்னர், பொதுமக்கள் பார்வைக்கு அப்பால், சில வகுப்புகள் கட்டணமின்றி நிகழ்ந்தன. அனைத்தையும் காட்டுதற்கென்றே அமைந்த மாளிகையுள் காட்டாமையைப் புகுத்தியது இவ்வமைப்பு. மறைவாகப் பேணிய மரபை மறைவின்றி எடுத்துக்காட்டின் அம்மரபே சிதைந்துபோம் என்பதை உணர்வார்க்கு, இது பொருளோடு வடிவம் இயைந்ததோர் அமைப்பென்பது விளங்கும்.

3. ஒதுங்கிய புழை

1861இல் ஹாரியட் ஜேக்கப்ஸ் தம் அடிமை வாழ்வின் வரலாற்றைப் புனைபெயரில் வெளியிட்டார். தம் பாட்டியின் வீட்டுப் பரணில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத இடத்தில், ஏறத்தாழ ஏழாண்டு ஒளிந்திருந்து, சிறு துளையின் வழியே தம் மக்களைக் கண்டவர் அவர். அந்நூலின் இயல் ஒன்றன் தலைப்பையே, ‘ஒதுங்கிய புழை’ எனப் பொருள்படுவதை, லீ 2019இல் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தம் கண்காட்சிக்கும், அதனையொட்டி ஏப்பிரல் 27ஆம் நாள் நிகழ்ந்த அவைக்கும் சூட்டினார். கறுப்பினப் பெண் அறிஞரும் கலைஞரும் அவ்வவையில் தம் இனப் பெண்டிரின் அறிவு மரபை ஆராய்ந்தனர். வெனிசு நகரக் கலைவிழாவில் அமெரிக்க மண்டபத்தைப் பெற்ற முதற் கறுப்பினப் பெண் லீ ஆவார்; அவ்வாண்டு, 2022 அக்டோபர் 7 முதல் 9 வரை, அதே பெயரில் மூன்று நாள் பேரவை கூடிற்று. சிற்பத்திற்கும் அவைக்கும் ஒரே பெயரிட்டமையின், ஒன்று தலைமையெனவும் மற்றொன்று துணையெனவும் பகுத்தற்கு இடமில்லை. உரையின்றி விளங்காத நூற்பாவிற்கு உரை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இவ்வவை.

4. குறையும் முடிபும்

குறை கூறாது விடுதல் திறனாய்வாகாது. செப்டம்பரில் கண்காட்சி முடிந்ததும் அம்மருந்தகமும் முடிந்தது. நோயோ கண்காட்சியின் கால அளவிற்குக் கட்டுப்படுவதன்று. வெனிசு வரை செல்லுதலும் எல்லார்க்கும் இயலுவதன்று. சின்னாள் பேணுதலால் நிறுவனம் நற்பெயர் எய்தவும், பேணப்பட்டோர் பழைய காத்திருப்பிற்கே மீளவும் நேரிடலாம். இக்குறையைக் கலைஞர்மேல் முழுதும் சுமத்துதல் நேர்மையாகாது. நிகழ்ச்சிகளைத் தம் நிலையான கடமையாகக் கொள்ளாத நிறுவனங்களுக்கே இதில் பெரும்பங்கு உண்டு.

ஆகவே, ஒரு கண்காட்சியின் நிகழ்ச்சிகளை மதிப்பிடுவார் வந்தோர் தொகையை எண்ணுதல் போதாது. அவற்றை நீக்கின் கண்காட்சியின் பொருள் குன்றுமா, அவை யாருக்காக அமைந்தனவோ அவர்க்குப் பயன்பட்டனவா, முடிந்தபின் எஞ்சுவது யாது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். முதல் வினாவிற்கு லீயின் முயற்சிகள் ஐயத்திற்கு இடமின்றி விடை தருகின்றன. இரண்டாவதன் விடையை, மூடிய கதவின் உள்ளிருந்தோரே அறிவர். புறத்தே நிற்கும் நாம் அதனைத் துருவாமையே முறை. மூன்றாவதற்கு விடை கூறும் பொறுப்பு அருங்காட்சியகங்களைச் சார்ந்தது.