எழுபது வளைவும் இருபது கிராமும்

மலையில் இந்த டயருக்கு ஈடு இல்லை. சமவெளியில், சரியாக பேலன்ஸ் செய்யாத வரை, இதைப் போலத் தொல்லையும் இல்லை. என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்காக வெளிநாட்டிலிருந்து தருவித்த 5.20-13 கிராஸ்பிளை டயர்களைப் பற்றிய தீர்ப்பு சுருக்கமாக இதுதான். நாமக்கல்லில் கிளம்பி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சோளக்காடு, செம்மேடு. இந்தப் பாதையில் வாரக்கணக்கில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஹெரால்டைத் தெரியாத தலைமுறைக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் வெளியிட்ட கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் மெட்ராஸிலேயே தயாரானது. அந்த வகையில் இது நம் ஊர்க் கார். அதற்கு டயர் கப்பலில் வர வேண்டியிருக்கிறதே என்பது என் நெடுநாள் ஆதங்கம். எம்.ஆர்.எஃப். பிறந்தது திருவொற்றியூரில். ஒரகடத்தில் அப்போலோ இருக்கிறது, தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின் இருக்கிறது. இத்தனை ரப்பர் உருகும் மாநிலத்தில், நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இந்த அளவு கிடைக்கவில்லை. வெளிநாட்டில் அமெரிக்காவின் கோக்கர் போன்றவர்கள் பழைய டயர்களைப் புதிதாக வார்த்து விற்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். இங்கும் யாராவது செய்ய வேண்டும்.

ரேடியல் போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைக்காரர்கள் உடனே எடுத்து நீட்டுவது 155/80 ஆர்13. உயரம் ஏறக்குறைய பழைய டயருக்குச் சமமாகவே வரும். ஆனால் ஹெரால்டின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம்தான். 155-க்குக் குறைந்தது நாலு அங்குலமாவது வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் மாட்டினால் டயர் உப்பி நிற்கும், வளைவில் பக்கவாட்டில் நெளியும். 145/80 ஆர்13 ரிம்முக்குப் பொருந்தும். ஆனால் உயரம் சுமார் இரண்டு சென்டிமீட்டர் குறையும். ஸ்பீடோமீட்டரும் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த 145-ஐத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

மலைக்கு மட்டும் மாட்டேன். காரணம் ஹெரால்டின் பின்னச்சு. இதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊசலாடுபவை. இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வளைவில் திரும்பினால் பின்பக்கம் மேலெழும்பும். சக்கரத்தின் அடிப்பக்கம் காருக்கு உள்ளே மடியும். ரேடியல் சாலையை இறுகப் பற்றிக்கொண்டு நின்று, விடும்போது சட்டென்று விட்டுவிடுகிறது. கிராஸ்பிளையின் பிடி அதைவிடக் குறைவு. ஆனால் விடப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்கிறது. முதலில் ஒரு சன்னமான கீச்சொலி, பிறகு ஸ்டீயரிங்கில் ஒரு தளர்ச்சி, அதன் பிறகுதான் சறுக்கல். காலை எடுக்க நேரம் கிடைக்கிறது. ஹெரால்டு இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார். பஸ் திணறித் திரும்பும் வளைவில் இது ஒரே வீச்சில் திரும்பும். முன்சக்கரம் அவ்வளவு தூரம் ஒடிந்து நிற்கும்போதும் இந்த ஒல்லி டயரில் ஸ்டீயரிங் லேசாகவே இருக்கிறது. இந்தக் காரை வரைந்தவர்கள் மனதில் வைத்திருந்த டயர் இதுதான் என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றுகிறது.

இனி தொல்லைக்கு வருவோம். மலையை விட்டு இறங்கி, சேந்தமங்கலம் சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. எண்பதில் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தது. நல்ல கணினி மெஷின் உள்ள கடையில் பேலன்ஸ் செய்த சக்கரங்கள்தான். திரையில் நாலுக்கும் பூஜ்யம் காட்டியது. வண்டியில் மாட்டினால் நடுக்கம் அப்படியே.

இருபது கிராம் பிசகுக்கு என்ன பலம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சக்கரம் வினாடிக்குப் பன்னிரண்டு முறை சுற்றுகிறது. ரிம் விளிம்பில் இருக்கும் இருபது கிராம் அப்போது இரண்டு கிலோ அளவுக்கு இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழுமாக. வளைவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இதே பிசகு பதினாறில் ஒரு பங்குதான். அதனால்தான் மலையில் சாதுவாக இருந்த டயர் சமவெளியில் ஆடுகிறது.

நாமக்கல் வட்டாரம் லாரியில் வாழ்கிற ஊர். டயரைத் தொட்டே வயதைச் சொல்லும் ஆட்கள் இங்கே உண்டு. அவர்களில் ஒரு பெரியவர் சக்கரத்தைக் கழற்றி, நடு ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். "மெசின் மேல தப்பு இல்லீங்க. சக்கரம் வண்டில எதப் புடிச்சு நிக்குதோ, மெசின்லயும் அதப் புடிச்சுத்தானுங்க சுத்தோணும்" என்றார். முழு விஷயமும் இதற்குள் அடங்கிவிட்டது.

இன்றைய கார்கள் பலவற்றில் சக்கரத்தின் நடு ஓட்டை துல்லியமாகக் கடையப்பட்டு அச்சில் கச்சிதமாக உட்காரும். மெஷினும் கூம்பு ஒன்றை அந்த ஓட்டையில் செருகித்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஹெரால்டில் நடு ஓட்டை வெறும் இடைவெளி. சக்கரத்தை மையத்தில் நிறுத்துபவை நான்கு போல்ட்டுகளும், அவற்றில் இறுகும் கூம்பு நட்டுகளுமே. ஓட்டை ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தாலும் மெஷின் வேறொரு மையத்துக்கு பேலன்ஸ் செய்து கொடுத்துவிடும். பழைய ஃபியட், அம்பாசிடர் வைத்திருப்பவர்களும் தங்கள் சக்கரம் எதில் உட்காருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. தீர்வு, நான்கு போல்ட் உள்ள ஒரு தட்டு. ஹெரால்டின் போல்ட் வட்டம் 95.25 மில்லிமீட்டர், கடைகளில் அதற்கு அடாப்டர் இருக்காது. லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொண்டேன். அதில் மாட்டிச் சுற்றியபோது, பூஜ்யம் என்று சொன்ன அதே மெஷின் அதே சக்கரத்துக்கு முப்பது கிராமுக்கு மேல் ஈயம் கேட்டது.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மறுவார்ப்பு டயர் அச்சு அசல் பழைய முகத்தோடு வரும். அச்சு அசல் வட்டமாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, செங்கல் மேல் ஒரு சாக்கட்டியை டயர் பட்டனுக்கு உரசாமல் நெருக்கி வைத்து, சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். சாக்கட்டி பட்ட இடம் மேடு. பிறகு டயரைக் கழற்றி ரிம்மையும் அப்படியே சோதியுங்கள். டயரின் மேடு ரிம்மின் பள்ளத்துக்கு நேராக வரும்படி திருப்பி மாட்டினால் பாதிக் குறை அங்கேயே தீரும். டியூபில் பவுடர் தடவி, காற்றடித்து, முழுவதும் இறக்கி, மறுபடி அடித்தால் உள்ளே மடிப்பு விழாது. வட்டமில்லாத சக்கரத்தில் எவ்வளவு ஈயம் அடித்தாலும் அது குதிக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, நைலான் நூல் போட்ட டயர் இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்றால் தரையில் பட்ட பாகம் தட்டையாகிவிடும். காலையில் முதல் சில கிலோமீட்டருக்குத் தடதடப்பது அதனால்தான். ஷெட்டிலிருந்து நேராக பேலன்சிங் கடைக்குப் போகாதீர்கள். நன்றாக ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எந்த பங்க்கில் நிறுத்தினாலும் கேட்காமலேயே நாலு சக்கரத்துக்கும் முப்பது அடித்துவிடுகிறார்கள். ஹெரால்டுக்கு முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருக்க வேண்டும். கையேடு சொல்வது அதுதான். அந்த வித்தியாசம்தான் ஊசலாடும் பின்னச்சை அடக்கி வைக்கிறது. நாலையும் சமமாக்கிவிட்டு மலை இறங்குவது ஆபத்து. டயரின் பிறந்த தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். மெதுவாக விற்கும் சரக்கு இது. கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்ததைப் புதிது என்று அனுப்புவார்கள். ரப்பர் ஓடாமலேயே முதுமை அடையும். பணம் கட்டும் முன் அந்த நாலு இலக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வட்டம் பார்த்து, போல்ட்டில் பேலன்ஸ் செய்த பிறகு ஸ்டீயரிங் எண்பதிலும் அமைதியாக இருக்கிறது. இன்று ஹெரால்டோடு மலை ஏறுகிற யாருக்கும் இந்த டயரைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் நாலு வாங்காதீர்கள், ஐந்தாக வாங்குங்கள். மலை நடுவே பஞ்சராகி, ஸ்டெப்னியில் இருக்கும் ரேடியலை ஒரு பக்கம் மட்டும் மாட்டினால், ஒரே அச்சின் இரு சக்கரங்களும் இரண்டு விதமாக வளைவை எடுக்கும். செலவை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேறு எதிலாவது பிடியுங்கள். ஐந்தாவது டயரில் வேண்டாம்.