எண்ணும் எள்ளலும்: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் அறிவு குறைந்த பாத்திரங்கள்

ஆய்வுச் சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பெறும் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பலவற்றில் பாத்திரத்தின் அறிவு ஓர் எண்ணால் குறிக்கப்பெறுகிறது. அவ்வெண் குறைந்த பாத்திரத்தை நகைப்பிற்குரிய மூடனாக நடித்துக் காட்டும் வழக்கம் ஆட்டக்காரரிடையே பரவலாக உள்ளது. விதிகள் இந்நடிப்பை எந்த அளவிற்குக் கோருகின்றன என்பதையும், விதி விட்ட இடைவெளியை எது நிரப்புகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நகையின் நிலைக்களன்களைப் பற்றிய தொல்காப்பியப் பாகுபாடு இவ்வாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அறிவு மதிப்பெண், நகை, பேதைமை, மடன்.

1. முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகைக்கு அதுவே தொடக்கம். நடத்துநர் ஒருவர் சூழலை விவரிக்க, ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்ல, ஐயத்திற்குரிய செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கிறது. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், ஈர்ப்பு என்னும் ஆறு பண்புகளால் ஒரு பாத்திரம் வரையறுக்கப்பெறுகிறது. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுவதால் ஒவ்வொரு பண்பும் 3 முதல் 18 வரை அமையும்.

வலிமை குறைந்த பாத்திரத்தை ஆடுவதில் சிக்கல் ஏதுமில்லை. பாறையைத் தூக்குவது பாத்திரமே, ஆட்டக்காரர் அன்று. அறிவின் நிலை வேறு. பாத்திரத்திற்காகச் சிந்திப்பவர் ஆட்டக்காரர். அவருடைய அறிவைக் கழற்றி வைக்க வழியில்லை. ஆகவே, அறிவு குறைந்த பாத்திரத்தை ஆடுபவர் அக்குறையை எங்கேனும் புலப்படுத்த விழைகிறார். கொச்சையும் திக்கலுமான பேச்சு, தன்னைத் தானே பெயர் சொல்லிக் குறித்தல், பொருளற்ற செயல்களால் தோழரை இடரில் மாட்டிவிடுதல் ஆகியவை அதற்குரிய வழக்கமான உத்திகளாகிவிட்டன. இவ்வுத்திகள் எங்கிருந்து வந்தன என்பதே இங்கு எழும் வினா.

2. எண் சொல்வதும் சொல்லாததும்

பாத்திரத்திற்குப் பேசுவதில் இடர்ப்பாடு உண்டு என்று விதியே கூறும் இடம் ஒன்று உள்ளது. 1981-இல் வெளிவந்த அடிப்படைத் தொகுதியின் விதிப்படி, அறிவு 3 உடைய பாத்திரம் பேசுவதில் இடர்ப்படும்; எழுதப் படிக்க இயலாது. 4, 5 ஆகிய எண்களுக்குப் பொதுமொழியில் எழுத்தறிவு இல்லை. 6 முதல் 8 வரை எளிய சொற்களை எழுத இயலும். 9-க்கு மேல் குறையேதுமில்லை. மூன்று பகடைகளில் 3 விழும் வாய்ப்பு 216-இல் 1 மட்டுமே. 8 அல்லது அதற்குக் குறைவாக விழும் வாய்ப்போ 216-இல் 56, அதாவது ஏறத்தாழ 26 விழுக்காடு. நான்கில் ஒரு பாத்திரத்திற்கு வாய்க்கக்கூடிய இக்குறையை விதி எழுத்தறிவுக் குறையாகவே காண்கிறது; பேச்சுக் குறையாகக் காணவில்லை.

2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. அறிவு 10 உடையவருக்குக் கூட்டலும் கழித்தலும் இல்லை. 8 உடையவருக்கு 1 கழியும். 6 உடையவருக்கு 2 கழியும். இருபது முகப் பகடையில் 15 எடுக்க வேண்டிய ஒரு செயலைக் கருதுவோம். சிறப்புப் பயிற்சி எதுவும் இல்லாதபோது, அறிவு 10 உடையவர் வெல்லும் வாய்ப்பு 30 விழுக்காடு. 8 உடையவருக்கு 25. 6 உடையவருக்கு 20. இப்பதிப்பு ஆட்டக்காரருக்குத் தரும் ஆயத்த எண் வரிசையில் மிகக் குறைந்தது 8. பன்னிரண்டு வகுப்புகளுள் அறிவை முதன்மைப் பண்பாகக் கொள்வது மந்திரவாதி மட்டுமே. எனவே பிற வகுப்பினர் பலர் அந்த 8-ஐ அறிவில் இட்டுவிடுகின்றனர். விதியின் கண்ணில் இது ஐந்து விழுக்காட்டு வேறுபாடு. மேசையில் அது முழு மூடத்தனமாகப் பெருகிவிடுகிறது.

மேலும், இப்பதிப்பில் அறிவின்கீழ் அடங்கும் திறன்கள் மந்திரக்கலை, வரலாறு, துப்பறிதல், இயற்கை, சமயம் என்னும் ஐந்தே. பிறர் உள்ளக்கிடக்கையை உணர்தல், சூழலைக் கூர்ந்து நோக்குதல், காட்டில் வழியறிதல் போன்றவை விவேகத்தைச் சார்ந்தவை. பொய்யுரைப்பவனை முதலில் கண்டுகொள்பவன் கல்லாத வீரனாக இருப்பதற்கு விதியில் தடை ஏதுமில்லை.

எனினும், விதிநூல்கள் முற்றிலும் பழியற்றவை எனக் கூறிவிட முடியாது. அறிவு 5 அல்லது அதற்குக் குறைவாக உடைய பாத்திரம் போர்வீரன் வகுப்பை மட்டுமே ஏற்கலாம் என 1978-ஆம் ஆண்டு விதிநூல் வரையறுத்தது. உடல் பெருத்து மூளை சிறுத்த வீரன் என்னும் வார்ப்புக்கு அது ஓர் அச்சாயிற்று.

3. மூன்று தளங்கள்

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், 1983-இல் வெளிவந்த தம் நூலில், இவ்விளையாட்டில் பங்கேற்பவர் மனிதர், ஆட்டக்காரர், பாத்திரம் என்னும் மூன்று தளங்களில் ஒருங்கே இயங்குவதைக் காட்டினார். அறிவு குறைந்த பாத்திரத்தில் இத்தளங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பூட்டிய வாயிலில் பொறித்த புதிரை ஆட்டக்காரர் விடுவித்துவிடுகிறார் என்க. அவ்விடையைச் சொன்னால் பாத்திரத்தின் எண் பொருளிழக்கிறது. சொல்லாவிடில் அவரே விளையாட்டிலிருந்து ஒதுங்கி நிற்கிறார். இவ்விரு முனைகளுக்கிடையே எளிதாகக் கிடைக்கும் மூன்றாம் வழியே கோமாளித்தனம். அதனால் அவர் பேசவும் முடிகிறது. எண்ணுக்கு மதிப்பளித்ததாகவும் ஆகிறது. கோமாளித்தனத்தின் ஈர்ப்பு அதன் நகைச்சுவையில் மட்டும் இல்லை. ஆட்டக்காரரின் உண்மையான இடர்ப்பாடு ஒன்றை அது தீர்த்துவைக்கிறது என்பது கருதத்தக்கது.

1981-இல் தோன்றிய கால் ஆஃப் துலு இச்சிக்கலை வேறு வகையில் எதிர்கொண்டது. அதன் ஏழாம் பதிப்பில் அறிவைக் கணக்கிட இரு பகடைகளைக் கூட்டி, 6 சேர்த்து, ஐந்தால் பெருக்குவர். நூறு அளவில் அமையும் அம்மதிப்பு 40-க்குக் கீழ் இறங்காது. கல்வி தனிப் பண்பாக வைக்கப்பட்டுள்ளது. ஆட்டக்காரர் தேங்கி நிற்கையில் பாத்திரத்தின் அறிவைக் கொண்டு பகடை உருட்டி ஒரு குறிப்பைப் பெறவும் வழியுண்டு. துப்பறியும் கதைக்கு மூடன் வேண்டாம் எனக் கதவடைத்த தீர்வு இது. கதவைத் திறந்தே வைத்துள்ள விளையாட்டுகளுக்கு வேறொரு விடை தேவைப்படுகிறது.

4. எள்ளலும் பேதைமையும் மடனும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அவற்றுள் எள்ளலும் பேதைமையும் மடனும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பது நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. எள்ளல் இகழ்ச்சியிலிருந்து பிறக்கும் நகை. பேதைமை அறிவின்மை. மடன் என்பதற்குப் பேராசிரியர், கற்பித்ததை ஏற்றுக்கொண்டு அதனை விடாதிருத்தல் என்னும் கருத்தில் உரை காண்கிறார். மூன்றும் நகையைத் தருவன. எனினும் நகுவோர்க்கும் நகைக்கப்படுவோர்க்கும் இடையிலான உறவு மூன்றிலும் ஒன்றன்று.

இப்பாகுபாட்டைப் பொருத்தினால், திக்கிப் பேசிக் காட்டும் நடிப்பு எள்ளலின்பாற்படும். அது பாத்திரத்தை உள்ளிருந்து காணாமல் வெளியிலிருந்து சுட்டிக் காட்டுகிறது. அதன் மூலப்படிமம் விதிநூலில் இல்லை. அறிவுசார் குறைபாடு உடையோரைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய சமூகத்தில் உள்ளது. விளையாட்டுத்தானே என இதனைத் தள்ளிவிட முடியாது. உடன் அமர்ந்திருப்பவரின் உடன்பிறந்தாரே அத்தகைய பேச்சை உடையவராக இருத்தல் கூடும்.

பேதைமையை எவ்வாறு ஆடலாம்? அடிப்படைத் தொகுதியின்படி அறிவு 5 உடைய வீரனுக்கு ஒரு மடல் வருகிறது என்று கொள்வோம். அவனால் அதனைப் படிக்க இயலாது. தோழன் ஒருவனைப் படிக்கச் சொல்ல வேண்டும். யாரை நம்புவது, படிக்கப்பட்டது உண்மைதானா, படித்தவன் ஏன் நடுவில் சற்றுத் தயங்கினான் என்னும் வினாக்களே இனிக் காட்சியாகின்றன. குறை அப்படியே நிற்கிறது. அவன் மதிப்பு குன்றவில்லை.

மடனுக்கும் ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். எங்குக் கால் வைப்பதாயினும் ஈட்டியின் அடிப்பகுதியால் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீரனுக்குப் படைத்தலைவன் கற்பித்திருக்கிறான். பாலத்தில் தட்டியவன் அரசவைத் தளத்திலும் தட்டுகிறான், மேசை சிரிக்கிறது. பின்னொரு நாள் அவன் தட்டிய கல் வெற்றொலி எழுப்புகிறது. நிலவறை ஒன்று புலப்படுகிறது. இங்கு ஆட்டக்காரர் தம் அறிவை மறைக்கவில்லை. பாத்திரத்தின் ஒற்றை நெறியைத் தொடர்ந்து கடைப்பிடிப்பதில் அதனைச் செலவிடுகிறார். முற்பகுதியில் கண்ட தளங்களின் மோதல் இவ்வழியில் தணிகிறது.

5. எண் இனத்தின்மேல் ஏறும்போது

தனிப் பாத்திரத்தின் எண் பகடையின் தற்செயல். அதுவே ஓர் இனத்தின் பிறவிக் குறையாக எழுதப்படும்போது சிக்கல் வேறாகிறது. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பாதி-ஆர்க் இனத்தார்க்கு அறிவில் 2 குறைக்கப்பட்டது. 2016-இல் வெளிவந்த துணைநூல் ஒன்றில் ஆர்க் இனத்தார்க்கும் அவ்வாறே. 2020-இல் அது திருத்தப்பட்டது. 2024-ஆம் ஆண்டு விதிநூலில் பண்புக் கூட்டல்கள் பிறப்பை விடுத்துப் பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணியைச் சார்ந்தன. அறிவையும் ஈர்ப்பையும் 1 ஆக்கும் மந்திரம் ஒன்று நெடுங்காலம் ஃபீபிள்மைண்ட் என வழங்கியது. அச்சொல்லின் மற்றொரு வடிவம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலார் மனிதரைத் தரம்பிரிக்கப் பயன்படுத்தியது. 2024-இல் அம்மந்திரத்தின் பெயரும் மாற்றப்பட்டது.

உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கோல்ட், 1981-இல் எழுதிய தம் நூலில், அறிவை ஒற்றை எண்ணாக்கி, அவ்வெண்ணை மூளைக்குள் இருக்கும் ஒரு பொருளாகவே கருதிவிடும் பிழையைக் கடுமையாகச் சாடினார். அறிவு மதிப்பெண்ணைப் பத்தால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு கிட்டும் என ஆட்டக்காரரிடையே வழங்கும் வாய்பாடு அப்பிழையின் நேர்வாரிசு எனலாம்.

6. முடிவுரை

அறிவு மதிப்பெண் சில செயல்களின் வெற்றி வாய்ப்பை அளக்கிறது, மனிதரை அளக்கவில்லை. அறிவு குறைந்த பாத்திரத்தை மூடனாக்குவது பெரிதும் மேசையின் தேர்வு. விதியின் கட்டளை அன்று. விதிகள் சில இடங்களில் அத்தேர்வுக்குத் துணைநின்றுள்ளன. அவற்றுள் சில திருத்தமும் பெற்றுள்ளன. மேசையில் நிகழ வேண்டிய திருத்தத்தை எந்தப் பதிப்பும் செய்துதர இயலாது. நகையைத் துறக்கும்படி இக்கட்டுரை கோரவில்லை. எள்ளலிலிருந்து பேதைமைக்கும் மடனுக்கும் அதனை நகர்த்தினால், சிரிப்பும் நிற்கும். சிரிப்பிற்கு உரியவனும் மேசையில் ஒருவனாக நிற்பான். பிற விளையாட்டுகளின் நகைப்பாத்திரங்களையும் நாடகக் கோமாளி மரபையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய மேலும் இடமுண்டு.