போர் காணாத நீர்மூழ்கி

பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஹாலந்து 1, 1901 அக்டோபர் 2 அன்று பாரோவில் நீரில் இறங்கியது. 1913இல் பழைய இரும்பாக விற்கப்பட்டு, இழுத்துச் செல்லும் வழியில் எடிஸ்டோன் அருகே மூழ்கியது. எந்தப் போரிலும் டார்ப்பிடோ ஏவாத கலத்துக்குப் பணி வரலாறு ஏது என்று கேட்கலாம். மாலுமிகளைப் பழக்கியதுதான் அதன் பணி; அது போருக்குச் சற்றும் குறைந்ததல்ல. நீர்மேல் பெட்ரோல் எஞ்சின், நீருக்கடியில் பேட்டரியில் ஓடும் மின்மோட்டார்: தீப்பிடிக்கக்கூடிய ஆவி சூழ, எட்டுப் பேர் அந்தக் குறுகிய கூட்டுக்குள் இதைக் கற்றார்கள். எத்தனை துணிச்சல்! இந்தக் கலம் ஓர் அமெரிக்க வடிவமைப்பைப் பின்பற்றியது; அந்த மூல வடிவில் இல்லாத பெரிஸ்கோப்பைப் பிரிட்டிஷார் சேர்த்தது, என் பார்வையில், மிக அழகான திருத்தம். பெட்ரோல் ஆபத்தானது, ஆகவே வடிவமே தவறு என்பாரும் உண்டு. ஆனால் பின்னாளில் மாறியது எரிபொருள்தான். டீசல் வந்தபிறகும் அந்த இரட்டை ஏற்பாடு தொடர்ந்தது. 1982இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட ஹாலந்து 1, இன்று காஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.