காகிதத்தில் விழும் சூரியன்

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். போடிநாயக்கனூர்ப் பக்கம், அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை உள்ளே வைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன்பின் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், மக்கள் எதிர்ப்பு என்று அது இழுபறியாகிவிட்டது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே நான் பேசப்போவதில்லை. என் கவலை வேறு. சூரியனிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவிப் போகின்றன. இந்த மலையில் பிடிக்க நினைத்தவை அவையும் அல்ல. காற்று மண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதிப் பிறப்பவை. கண்ணுக்கே தெரியாத இந்தத் துகள்களைப் பற்றி இத்தனை ஆண்டு வாதாடினோம். கண்ணால் பார்க்க முடிகிற சூரியனின் முகத்தை அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் காட்டினோம்?

கிரகணத்தன்று காட்டினோம். தமிழ்நாட்டில் சூரியனைப் பார்ப்பது என்பது கிரகணத்தோடு கட்டுண்ட பழக்கம். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் கூட்டம் கூடியது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல் வழியாக வளையக் கிரகணம் போனது. போடி அந்தப் பாதைக்குத் தெற்கே விலகியிருந்ததால் இங்கே பகுதி கிரகணம்தான். கிரகணக் கண்ணாடியைப் பலரும் முதல்முறையாகக் கையில் வாங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வராதே, சாப்பிடாதே என்ற அச்சத்தைத் தாண்டி மக்களை வீதிக்கு அழைத்து வந்ததில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளின் உழைப்பு பெரிது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று பாருங்கள். சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அந்தச் சுழற்சி அடிமட்டத்தைத் தொட்டது அதே 2019 டிசம்பரில். அந்த ஆண்டில் முக்கால்வாசி நாட்கள் சூரியனில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. சூரியனின் சொந்த முகத்தில் பார்ப்பதற்கு மிகக் குறைவாக இருந்த காலத்தில் நாம் கண்ணாடி வாங்கினோம். மறுநாளே அதைப் பரணில் போட்டோம். 2024 மே மாதம், பூமியைப்போல் சுமார் 15 மடங்கு அகலத்துக்கு ஒரு கரும்புள்ளிக் கூட்டம் சூரியனைக் கடந்தது. 2003க்குப் பிறகு வந்த மிகப் பெரிய காந்தப் புயலை அது கிளப்பியது; லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. பரணில் கிடந்த அதே கண்ணாடி கீறல் இல்லாமல் இருந்திருந்தால், தொலைநோக்கியே இல்லாமல் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கலாம். எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, கிரகணம் இல்லையே!

ஆகவே மலிவுத் தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் என் பதில், வாங்கலாம்; சூரியனுக்காகவே வாங்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 50, 60, 70 மில்லிமீட்டர் வில்லைத் தொலைநோக்கி, இரவில் பிள்ளைகளை ஏமாற்றும். நிலவைக் காட்டும், வியாழனின் நான்கு நிலாக்களைக் காட்டும், பெட்டியின் மேல் அச்சடித்த வண்ண நெபுலாக்களில் ஒன்றையும் அந்த நிறத்தில் காட்டாது. பகலில் கதை வேறு. சூரியன் ஒளிக்குப் பஞ்சமில்லாத பொருள். சின்ன வில்லையே தாராளம். இன்னும் சொன்னால், பெரிய வில்லைதான் இங்கே தொல்லை.

பெட்டியைப் பிரித்ததும் செய்யவேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. சில தொலைநோக்கிகளோடு, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் அடியில் திருகிப் பொருத்தும்படி ஒரு சிறு கறுப்புக் கண்ணாடி வரும். 'சன்' என்று அதில் எழுதியிருக்கும். அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். 60 மில்லிமீட்டர் வில்லை வாங்கும் வெயில் மூன்று வாட்டுக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 700 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில் அது சுமார் ஆறரை மில்லிமீட்டர் அகல வட்டமாகக் குவிகிறது. நேர் வெயிலைவிட எண்பது மடங்குக்கு மேல் செறிவு. அந்தக் கறுப்புக் கண்ணாடி உட்காருவது அந்தக் குவியத்துக்குப் பக்கத்தில். சூடேறி அது விரியும்போது கண் ஐபீஸில் இருக்கும். விழித்திரையில் வலி நரம்பு கிடையாது; வெந்தது பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். இன்னொரு மயக்கமும் உண்டு: முன்மூடியின் நடுவில் கழற்றக்கூடிய சின்ன மூடி இருக்கிறதே, அது சூரியனுக்கானது என்று சிலர் நினைக்கிறார்கள். அது வில்லையின் அகலத்தைக் குறைக்கும், அவ்வளவே. வடிகட்டி அல்ல.

பாதுகாப்பான வழிகள் இரண்டு. ஒன்று, வில்லைக்கு முன்னால் முழு அகலத்துக்கும் சூரியப் படலம் பொருத்துவது. லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடும் படலம் அது. மற்றது, கண்ணே வைக்காமல், ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளியைக் காகிதத்தில் விழவைப்பது. கலிலியோவின் மாணவர் பெனெடெட்டோ காஸ்டெல்லி 1612 வாக்கில் கண்ட முறை. பள்ளிக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்வேன்.

முதலில், அது நடக்கும் விதம். குழாயைச் சூரியன் பக்கம் திருப்பும்போது மேலே பார்க்கவே கூடாது. தரையில் விழும் நிழலைத்தான் பார்க்கவேண்டும். நீண்டு கிடக்கும் குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி, குழாயின் வாயளவு வட்டமாக ஆகும் கணத்தில் ஐபீஸின் பின்னாலிருந்து வெளிச்சம் குபுக்கென்று கொட்டும். 20 மில்லிமீட்டர் ஐபீஸ், ஓர் அடி தள்ளிப் பிடித்த வெள்ளைத் தாள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் அகலச் சூரியன் கிடைக்கும். அந்த அளவில் பூமியைப்போன்ற ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 2024 மே கூட்டம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். விளிம்பு நடுவைவிடச் சற்று மங்கலாகத் தெரியும். தாளில் உள்ளது அழுக்கா கரும்புள்ளியா என்று சந்தேகம் வந்தால் தாளை அசைத்தால் போதும், கரும்புள்ளி அசையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டம் நிற்காது. சுமார் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் முழுவதும் நகர்ந்துவிடும். பூமி சுற்றுகிறது என்று புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, அது சுற்றுவதைக் கையில் பிடித்த தாளிலேயே காட்டிவிடலாம்.

நாற்பது பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பது பெரிய பலன். வட்டத்தின் மேலேயே பென்சிலால் புள்ளிகளைக் குறிக்கலாம் என்பது அதைவிடப் பெரிது. இன்னொரு அனுகூலம் எதிர்பாராதது. மலிவுப் பெட்டிகளில் வரும் 'எச்' எழுத்துப் போட்ட ஹைகன்ஸ் ஐபீஸை இரவு வானம் பார்ப்பவர்கள் ஏளனமாக ஒதுக்குவார்கள். அதில் வில்லைகள் பசையால் ஒட்டப்படவில்லை. வெயிலின் சூட்டில் உருகிப்போக ஒன்றுமில்லை. இந்த வேலைக்கு விலையுயர்ந்த ஐபீஸைவிட அதுவே உகந்தது.

இனிக் குறை. ஐபீஸிலிருந்து வருவது வடிகட்டாத வெயில். ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பிய அரை நொடியில், 'சார், இங்க என்ன தெரியுது' என்று குனியும் ஒரு பிள்ளை போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே திறந்த முறையைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஐபீஸைச் சுற்றி அடைத்த அட்டைப்பெட்டி, அல்லது வண்டிக்கு ஆயில் ஊற்றும் பெரிய புனல். புனலின் குறுகிய வாயில் ஐபீஸை நுழைத்து இறுக்கி, அகன்ற வாயில் ஒளி ஊடுருவும் வெள்ளைத் திரையைக் கட்டினால், கண் நுழைய வழியே இல்லை. படம் திரையின் வெளிப்பக்கம் தெரியும். குழாயின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குட்டித் தொலைநோக்கியையும் கழற்றிவிட வேண்டும். அதுவும் கண்ணைச் சுடும். கண்ணாடி வளைவால் ஒளியைத் திரட்டும் தொலைநோக்கிகள் இந்த முறைக்குச் சரிப்படாது. உள்ளிருக்கும் சின்னக் கண்ணாடி சூடேறும்.

போடிச் சரிவுக்கென்று சில சங்கடங்கள் தனி. வெளிநாட்டுக் கையேடுகளில் சூரியன் எப்போதும் சாய்ந்தே நிற்கும். நாமோ பத்தாவது அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் அது உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். மலிவு ஸ்டாண்டில் குழாய் அவ்வளவு நிமிராது, நிமிர்ந்தாலும் கால்களில் இடிக்கும். மாலையில் பார்க்கலாம் என்றால் மேற்கே மலை; பள்ளி விட்டபின் சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடும். ஆனி, ஆடிக் காற்றோ ஸ்டாண்டை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஏலக்காய்த் தோட்டங்களின் பக்கம் ஏறினால் அதே மாதங்களில் மேகமும் சாரலும். அடிவாரத்துக்கு அந்தக் குறை அவ்வளவு இல்லை. மழை மறைவுப் பகுதி என்பதால் வெயில் கிடைக்கும். மிஞ்சுவது காலை நேரம். சமவெளி கிழக்கே திறந்து கிடக்கிறது. தரை சூடாகிக் காற்று அலைபாயத் தொடங்குமுன், பள்ளி மணி அடிக்கும் வேளையில் படம் நன்றாக நிற்கும். நமக்கு அந்த ஒரு மணி நேரம்தான்.

முன்பொருத்தும் படலம் காட்டும் படம் காகிதத்தில் விழுவதைவிடக் கூர்மையானது. புள்ளியின் கரிய நடுவும் அதைச் சுற்றிய சாம்பல் ஓரமும் தனித்தனியே தெரியும். எனக்கு அதில் குறையாகப் படுவது, ஒவ்வொருவராக வரிசையில் நிற்கவேண்டும் என்பதும், அந்த ஒரு தாளை நம்பிக் கண்ணை வைக்கிறோம் என்பதும்தான். படமெடுக்க மட்டும் விற்கும் மெல்லிய வகையைத் தெரியாமல் வாங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஊசித்துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பல்பின் எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி டேப் போட்டு ஒட்ட வேண்டும். இதையெல்லாம் சளைக்காமல் செய்யும் ஆசிரியர் கையில் அது அருமையான பொருள். வெல்டிங் பட்டறையில் இரவல் வாங்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் கண்ணுக்கு வேண்டியது 14ஆம் எண் கண்ணாடி, பட்டறைகளில் பெரும்பாலும் புழங்கும் 10, 11 போதாது. தொலைநோக்கியோடு எந்த எண்ணும் கூடாது.

நம் வீடுகளில் தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணி கரைத்த நீரோ வைத்துக் கிரகணத்தின் பிம்பத்தைப் பார்ப்பது வழக்கம். நேராகப் பார்க்காதே என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அந்த அக்கறையை மதிக்கிறேன். கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. உச்சிச் சூரியனை நீர் ஐம்பதில் ஒரு பங்காகத் திருப்பும். காலைச் சாய்வில் இன்னும் கூடுதலாக. வேண்டியதோ லட்சத்தில் ஒரு பங்கு. இதற்குப் பதில் ஒரு சிறு கண்ணாடித் துண்டு போதும். ஒரு சென்டிமீட்டர் துளையிட்ட அட்டையால் அதை மூடி, மணல் நிரப்பிய பந்தில் ஒட்டி, வாசலில் வைத்து, இருட்டான வகுப்பறைச் சுவருக்கு ஒளியைத் திருப்பினால், 20 மீட்டரில் 18 சென்டிமீட்டர் சூரியன். செலவு ஒன்றுமில்லாத அந்த ஏற்பாடு கிரகணத்தன்று ஊருக்கே போதும். புள்ளிகளைக் காட்டும் கூர்மை அதற்கு இல்லை. அங்கேதான் தொலைநோக்கிக்கு வேலை.

ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரியில் தன் இடத்தைச் சேர்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். செல்போனைத் திறந்தால் அன்றைய சூரியன் வண்ணத்தில் வருகிறது. பிறகு ஏன் காகிதம் என்று கேட்பவர்கள் உண்டு. போடியிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் அளவில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வருகிறது. அதற்குப் பயன்பட்ட தொலைநோக்கியின் வில்லை 15 சென்டிமீட்டர்தான். ஜான் எவர்ஷெட் 1909இல் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டறிந்தது அங்கேதான். அந்த ஆய்வகத்தின் செல்வம் கருவியின் பருமனில் இல்லை. ஒரு நூற்றாண்டாக விடாமல் பார்த்ததில் இருக்கிறது. கரும்புள்ளிக் கூட்டங்களைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளைக் கூட்டினால் வருவது வுல்ஃப் எண். அந்த எண்ணைத் தொகுக்கும் பிரஸ்ஸல்ஸ் மையத்துக்கு இன்றும் சின்னத் தொலைநோக்கிகளோடு கணக்கு அனுப்புவோரில் பலர் பொழுதுபோக்கு வானியலர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கூட்டலும் பெருக்கலும்தான் அது. செல்போன் படத்தைப் பார்த்து எண்ணினால் எண் கிடைக்கும். தான் பார்த்ததும் விண்கலம் பார்த்ததும் ஒன்றா என்று ஒப்பிடும் வாய்ப்பு கிடைக்காது.

2031 மே 21 அன்று அடுத்த வளையக் கிரகணம் தென்தமிழ்நாட்டின் மேல் போகும். மறுபடியும் கண்ணாடி விற்கும், கூட்டம் கூடும். மே என்பதால் பள்ளிகள் விடுமுறையில் இருக்கும். 2019லிருந்து 11 ஆண்டு கூட்டினால், சூரியன் அப்போதும் ஏறத்தாழ அடிமட்டத்தில்தான் இருக்கும். வளையத்தைத் தவிர அதன் முகத்தில் பார்க்க அதிகம் இருக்காது. உச்சம் 2024 அக்டோபரை ஒட்டி வந்துவிட்டது. இப்போதே, வாரத்துக்கு இரண்டு காலை, ஒரு புனலும் 60 மில்லிமீட்டர் குழாயும் ஒரு கோடுபோட்ட நோட்டும் வைத்துக்கொள்ளும் பள்ளி, புள்ளிகள் ஆண்டுக்காண்டு குறைந்து போவதைத் தன் பிள்ளைகளின் பென்சில் குறிகளிலேயே எழுதி வைக்கலாம். ஆறாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை பள்ளியை முடிக்குமுன் அந்த இறக்கத்தில் பெரும்பகுதி நோட்டில் ஏறியிருக்கும்.